கணக்கும் கடவுச்சொல்லும்

நுழையும்முன்

பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் பலருக்கு இன்று கணினிக் கணக்கு ஒன்று வழங்கப்படுகிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட அக்கணக்கின் தோற்றத்தை இப்பாடம் விளக்குகிறது.

பகிர்ந்துகொண்ட கணினி

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி நேரம் பெறுதற்கரிய பொருளாக இருந்தது. துளையட்டைகளில் நிரலைப் பதிந்து கொடுத்தவர்கள், விடைக்காக நெடுநேரம் காத்திருந்தனர். இக்குறையைக் களைய, பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழுவினர் 1961இல் நேரப்பகிர்வு முறையைச் செயல்படுத்திக் காட்டினர். ஒரே கணினியைப் பலரும் ஒருங்கே பயன்படுத்தும் வழி பிறந்தது. ஒருவர் கோப்பைப் பிறர் தொடாமல் காக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தை அளந்து வழங்கவும் தனித்தனிக் கணக்குகள் தேவைப்பட்டன. அவற்றின் காவலாகக் கடவுச்சொல் அமைந்தது.

காவலைக் கடந்தவர்

ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. 1962இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடச் செய்து, பிறர் கணக்குகளில் நுழைந்தார். பல்லாண்டுகளுக்குப் பின்னரே அதனை வெளிப்படுத்தினார். 1960களின் நடுப்பகுதியில் நேர்ந்த பிழையொன்றால், உள்நுழைந்தோர் அனைவரின் முனையத்திலும் அன்றைய அறிவிப்புக்கு மாறாகக் கடவுச்சொற்களே வெளிப்பட்டன.

கடவுச்சொற்களை உள்ளவாறே சேமித்தமையே இவ்விரண்டுக்கும் இடமளித்தது. பின்னாளில், மீட்டெடுக்க இயலாத வடிவில் அவற்றை மாற்றிச் சேமிக்கும் முறை வந்தது. எனினும், கருவியால் மட்டும் காவல் நிறைவுறாது. கணக்கு என்பது உரிமை மட்டுமன்று. பிறர் உழைப்பையும் நேரத்தையும் மதிக்கும் பொறுப்புமாகும்.

சிந்தனை வினா

ஷெரின் தேவை நேர்மையானது. அவர் வழி நேர்மையானதா? காரணங்களுடன் விளக்குக.