வீடியோவை எங்கே நிறுத்துவது?

லோயர் கேம்ப்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் நீ புலம்பியதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் ‘சரிங்கத்தை, சரிங்கத்தை’ என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்பதாம் வகுப்புக்குக் காந்தவியல் பாடத்தை வீடியோவாகப் போட்டாயாம், பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்களாம், மறுவாரம் தேர்வு வைத்தால் பாதிப் பேர் வெள்ளைத்தாளை நீட்டினார்களாம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது ராசா? சினிமாக் கொட்டகையிலும் பிள்ளைகள் அமைதியாகத்தான் இருக்கிறார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் பாடம் ஏறுகிறது என்று நம்புகிற வாத்தியார்கள் நிறையப் பேர். நீ புதுசு, இப்போதே அந்தப் பழக்கத்தை விட்டுவிடு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். அவரும் அவருடைய குழுவினரும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வகுப்பில் செய்து காட்டிய சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ‘என்ன நடக்கும்?’ என்று முன்னாடியே யூகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் தேறியிருக்கிறார்கள். கண்ணெதிரே நடக்கிற சோதனைக்கே இந்தக் கதி என்றால், திரையில் ஓடுகிற படத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஆகவே, வீடியோவில் உனக்கு வேலை இருப்பது அதை நிறுத்துகிற இடத்தில். எங்கே நிறுத்துவது, நிறுத்திவிட்டு என்ன கேட்பது என்று முந்தின நாள் இரவே குறித்து வைத்துக்கொள். நோட்ஸ் ஆஃப் லெசனில் அது இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஒப்புக்குத்தான்.

உன் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பிச்சுருளுக்குள் காந்தம் நுழைகிறது, கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கமாக விலகுகிறது. அங்கே நிறுத்து. ‘காந்தத்தை வெளியே எடுக்காமல், உள்ளேயே ஆடாமல் அசையாமல் வைத்திருந்தால் முள் என்ன செய்யும்? விலகின இடத்திலேயே நிற்கும் என்றால் ஒரு விரல். நடுவுக்குத் திரும்பிவிடும் என்றால் இரண்டு. இன்னும் தள்ளிப் போகும் என்றால் மூன்று.’ வாயால் பதில் சொல்ல விடாதே. முதல் பெஞ்சில் ஒருத்தன் கத்தினால் மொத்த வகுப்பும் அவன் பின்னாடியே போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு, விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல். வருஷம் பூராவும் வாயே திறக்காத பிள்ளையும் அப்போது ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலும் ஒரு விரல்தான் நிற்கும். காந்தம் உள்ளே இருக்கிறவரை கரண்டும் இருக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? சரி தப்பு எதையும் முகத்தில் காட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காரணத்தைச் சொல்லச் சொல். ரெண்டு நிமிஷம் வகுப்பு இரையும், இரையட்டும். மறுபடியும் விரல். அதற்கப்புறம் படத்தை ஓட விடு. முள் நடுவுக்கு வந்து நிற்கிறபோது ‘ஏ!’ என்று ஒரு சத்தம் எழும் பார், காந்தம் நகர்ந்தால்தான் கரண்டு என்பது அந்த நொடியில் ஏறிவிடும். நீ கரும்பலகையில் மூன்று தரம் எழுதிப் போட்டாலும் அப்படி ஏறாது.

இன்னொன்று. எது திரையில் வேண்டும், எது வேண்டாம் என்று பார். எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே மலையிலிருந்து இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களும் தெரியும். தேக்கடித் தண்ணீர் அவற்றின் வழியாக இறங்கித்தான் பெரியாறு பவர் ஹவுஸில் டர்பைனைச் சுற்றுகிறது. உன் பிள்ளைகளில் பல பேருடைய அப்பா அம்மா விடியுமுன்னே ஜீப் ஏறி, இந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டேதான் குமுளி மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போய், எந்த ஊரிலோ எடுத்த அணைக்கட்டுப் படத்தைக் காட்டுவானேன்? குழாயைக் கையால் சுட்டிக் காட்டு. எந்தச் சன்னல் வழியாகவும் பார்க்க முடியாத ஒன்றுக்கு மட்டும் வீடியோவைப் போடு: இரும்புக் கூட்டுக்குள் சுழல்கிற காந்தம், அதைச் சுற்றியிருக்கிற சுருள், அதில் ஓடுகிற மின்னோட்டம்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பையன் கேட்டான்: ‘டீச்சர், கரண்டை உறிஞ்சிட்டுத்தான தண்ணிய விடுறாங்க? அப்புறம் வயலுக்கு அதுல என்ன சத்து இருக்கும்?’ வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியைப் பெரிய ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியவைதானே, அவன் கவலை நியாயமானது. உயரத்திலிருந்து விழுகிற வேகத்தைத்தான் டர்பைன் வாங்கிக்கொள்கிறது, தண்ணீர் தண்ணீராகவே வெளியே வருகிறது என்பதை அவனே சொல்லும்படி செய்ய ஒரு பீரியடு போயிற்று. இதை உன் முதல் கேள்வியாக வைத்துக்கொள். படம் ஓடுவதற்கு முன்பே கேள். விரல்கள் எப்படிப் பிரிகின்றன என்று எனக்கும் சொல்.

படத்தின் நீளத்தைப் பற்றிக் கேட்டாய். எட்எக்ஸ் என்கிற இணையவழிப் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பது ஏறக்குறைய ஆறு நிமிஷம்தானாம். அவர்கள் வளர்ந்தவர்கள், தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள். உன் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு நிமிஷம் போதும். 2018இல் வந்த புதுப் பாடநூல்களின் க்யூஆர் குறியீட்டில் கிடைப்பவற்றைத் தேடிப் பார். 2023இல் அரசு கொண்டுவந்த மணற்கேணி செயலியில் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கேள்வியும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பின்னணிக் குரல் நம் பிள்ளைகளுக்கு ஒட்டாவிட்டால் சத்தத்தை அணைத்துவிட்டு நீயே பேசு. நம்மூர்ப் பேச்சில் பேசு, ஒன்றும் குறைந்துவிடாது.

வீடியோவுக்குள்ளேயே கேள்வி முளைக்கும்படி செய்கிற ஹெச்5பி போன்ற இலவசக் கருவிகளைப் பற்றியும் சொன்னாய். நல்லதுதான். தோட்ட வேலைக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டு, நாலு நாள் கழித்து வருகிற பிள்ளைக்கு ஹைடெக் லேபில் தனியாக உட்கார்ந்து பார்க்க அது உதவும். தப்பான விடை சொன்னால் அந்தத் துண்டுக்கே திரும்பக் கூட்டிப்போகும்படி அமைக்கலாம். ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சரியாகிறவரை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போவார்கள், கடைசியில் உன் கணினி முழு மதிப்பெண் காட்டும். ‘ஏன் அந்த விடை?’ என்று ஒரு வரி நோட்டில் எழுதச் சொல். அதில் போடுகிற கேள்விகளை உடனே தயார் செய்ய உட்காராதே. ஒரு வருஷம் வகுப்பில் அவர்கள் சொல்கிற தப்பு விடைகளைக் குறித்து வை. நல்ல கேள்விக்கு வேண்டிய மூன்று தப்பு விடைகளை நீயாக யோசித்து எழுதினால் சப்பென்று இருக்கும்.

நெட்டை நம்பி வகுப்புக்குள் போகாதே, முந்தின நாளே பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள். கரண்டு போகிற நாளுக்குப் பையில் ஒரு காந்தமும் சுருளும் கால்வனோமீட்டரும் இருக்கட்டும். பவர் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிற எங்களுக்கே கரண்டு போகிறது, உங்களுக்குப் போகாதா!

பிள்ளைகளை இங்கே கூட்டிவர நினைத்தால் பவர் ஹவுஸுக்குள் விட அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடு. கோடையில் தண்ணீர் குறைந்தால் மிஷின் ஓடாது, அதனால் ஜூன் கழிந்து வா. மதியச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், எத்தனை பேர் என்று மட்டும் ரெண்டு நாள் முன்னாடி சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அத்தை