கட்டிலுக்குத்தான் காசு

அன்புள்ள செல்வி,

இடுப்பைப் பிடித்துக்கொண்டது, ஜவ்வு விலகியிருக்கிறதாம் என்று போனில் சொன்னாய். கூடவே, "ஒரு நாள் அட்மிட் ஆகிடு, இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம்" என்று தோழி சொன்னதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த யோசனையை நம்பிப் பணத்தை விட்டவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன்பு எனக்கும் இதே வலி. ஒரு தனியார் மருத்துவமனையில் இதையேதான் சொன்னார்கள். ஒரு ராத்திரி படுத்தேன். எம்.ஆர்.ஐ., ஒரு ஊசி, நாலு மாத்திரை. பில் 23,000 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் ஒரே வரிதான்: பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டதால் தொகை தருவதற்கில்லை. கோபத்தோடு பாலிசியைப் பிரித்தேன். அந்த விதி அதில் அச்சாகியே இருந்தது.

நம் மெடிக்ளைம் பாலிசிகள் கட்டிலை மையமாக வைத்து எழுதப்பட்டவை. பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும். அப்படிப் படுக்க வேண்டிய சிகிச்சையாகவும் இருக்க வேண்டும். முதுகு வலிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது நடமாட்டமும் பிசியோதெரபியும். ஓ.பி. செலவையும் சேர்த்து எடுத்த பாலிசி இல்லையென்றால் அதெல்லாம் கைக்காசுதான். என் வலியைத் தீர்த்தது பிறகு போன 12 நாள் பிசியோதெரபி. நாளுக்கு 400 வீதம் 4,800 ரூபாய். அந்தச் சின்னத் தொகையைக் கொடுக்காமல், ஆபரேஷன் என்றால் லட்சக்கணக்கில் கொடுக்கும் ஏற்பாடு எனக்குச் சரியாகவே படவில்லை.

புதிதாகப் பாலிசி எடுத்தாலும் இப்போதைக்கு உதவாது. 2020-இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனியில், விபத்தால் வந்தாலொழிய, டிஸ்க் விலகலுக்கும் முதுகெலும்பு நோய்களுக்கும் முதல் 24 மாதம் பணம் கிடையாது.

ஆனால் உன்னிடம் இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பார். 19,000 ரூபாயில் ஈ.எஸ்.ஐ. என்று 143 ரூபாய் பிடித்திருப்பார்கள். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கான திட்டம் அது. உன் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. அங்கே கட்டிலில் படுத்தால்தான் என்ற பேச்சே இல்லை, ஓ.பி.யிலேயே டாக்டர், மாத்திரை, ஸ்கேன், பிசியோதெரபி எல்லாம் உண்டு. டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், போதிய நாள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் வரும். பனியன் கம்பெனியில் பாதிப் பேர் காய்ச்சலுக்குக்கூட அந்தப் பக்கம் போவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். கூட்டம்தான், காத்திருக்கத்தான் வேண்டும். இருந்தாலும் அது உன் காசு.

கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதில் கட்டுப்பாடு தவறினாலோ மட்டும் காப்பீடு, கணக்கு எதையும் பார்க்காதே. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

உன் ஈ.எஸ்.ஐ. அட்டையில் மருந்தகத்தின் பெயர் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், டோக்கன் போடும்போது நானும் கூட நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா