காலையில் ஸ்டார்ட் ஆகாத லாரி

என் சித்தப்பா லாரி டிரைவர். ஒரு ஜனவரி மாதம் மகாராஷ்டிராவில் உள்ள லாசல்கானில் வெங்காயம் ஏற்றினார். இரவு ஒரு டாபா அருகே லாரியை நிறுத்தித் தூங்கினார்.

காலையில் செல்ஃப் அடித்தார். இன்ஜின் சுற்றியது. ஸ்டார்ட் ஆகவில்லை. விடாமல் அடித்தார். பேட்டரி இறங்கிவிட்டது. கிளீனர் பையன் அழாத குறைதான்.

செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு நிமிடமாவது விட வேண்டும். சித்தப்பாவுக்கும் இது தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டார்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. நாசில் அதில் டீசலைத் தெளிக்கிறது. டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அதற்கு இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். டீசல் நல்ல அழுத்தத்தோடு வர வேண்டும்.

டீசல் வருகிறதா? சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை என்றால், டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, பற்றவில்லை.

சித்தப்பா வண்டியில் புகையே இல்லை. டேங்கில் டீசல் இருந்தது. பக்கத்தில் நின்ற பஞ்சாபி டிரைவர் உதவிக்கு வந்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. கையைக் காட்டியே பேசிக்கொண்டார்கள். அவர்தான் கண்டுபிடித்தார். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஓஸின் முனையில் வெடிப்பு!

அது பம்பு இழுக்கும் பக்கம். அங்கே பெரும்பாலும் டீசல் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காற்று சுருங்கும், டீசல் அப்படிச் சுருங்காது. குழாயில் காற்று இருந்தால் அழுத்தம் ஏறாது. நாசில் திறக்காது.

வெடித்த முனையை வெட்டினார்கள். ஓஸை மாட்டிக் கிளாம்பை இறுக்கினார்கள். பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தார்கள். முதலில் நுரை வந்தது. குமிழி இல்லாத டீசல் வந்ததும், பம்பை அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்கினார்கள். பெரிய பம்பிலும் இப்படியே ஏர் எடுத்தார்கள். அவர் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்ததும் வண்டி உறுமியது.

ஒரு எச்சரிக்கை. நாசில் தெளிக்கும் இடத்தில் கையை வைக்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தக் கைவேலை பழைய லாரிக்கு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 லாரியில் நாசில் குழாயைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 1000 மடங்குக்கும் மேல். மெக்கானிக்கை அழையுங்கள்.

வெங்காயம் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாடகையில் பிடித்தம் செய்தார்கள். இப்போது சித்தப்பா வண்டியில் எப்போதும் ஒரு மீட்டர் டீசல் ஓஸும் இரண்டு கிளாம்பும் இருக்கின்றன.