மார்கழியில் பிசையும் மாட்டுப் பொங்கல் காளை

மாட்டுப் பொங்கலுக்கு மண்காளை வேண்டுமென்றால் மார்கழி பாதியிலேயே மண்ணைக் குழைத்துவிட வேண்டும். போகிக்கு முதல்நாள் தொடங்கினால் பொங்கலன்றும் காளை ஈரமாகவே இருக்கும். கொம்பைத் தொட்டால் கொம்பு கையோடு வரும். நல்லவேளையாகப் பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டி வருகிறது. அப்போது செய்து நிழலில் வைத்தால் காய்வதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடும் கழுதையும் ஒட்டகமும் செய்கிற வீடுகள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். கார்த்திகை மழைக்காற்றில் மண் லேசில் காயாது.

மண்ணில் விலங்கு செய்வது நம் திண்டுக்கல் பக்கத்துக்குப் புதிதல்ல. நத்தம் பகுதிக் கிராமங்களில் அய்யனாருக்குப் புரவி, அதாவது மண்குதிரை, எடுக்கிறார்கள். பழனியைத் தாண்டி உடுமலைப்பேட்டை வட்டாரம் போனால், சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கல் நாட்களில் மாடு, கன்று உருவாரங்களை வைத்து, கால்நடைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறார்கள். புரவி எடுப்பதென்று முடிவானதும் ஊரார் முதலில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பது பிடிமண். குழந்தைகளையும் அங்கிருந்தே தொடங்க வைக்கலாம்: ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அவர்களே எடுத்துவந்து வாளியில் போடட்டும்.

எந்த மண்?

திண்டுக்கல் சமவெளியில் பெரும்பாலும் செம்மண். நிலக்கடலைக்கும் முருங்கைக்கும் நல்ல மண்தான், பொம்மைக்கு ஆகாது. மணல் கூடுதல், பிடித்தால் உதிரும். கரிசல் அதற்கு நேர்மாறு: அழகாகக் குழையும், காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். நமக்கு வேண்டியது கண்மாய் அடியில் படிந்த கரம்பை. நீங்களாகப் போய்க் கண்மாயில் தோண்ட வேண்டாம். மண் எடுக்க அனுமதி வேண்டும். ஒரு வாளி மண்தானே தேவை, மண்பாண்டம் செய்கிறவர் வீட்டில் விலை கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம். நகருக்குப் பக்கத்தில் நொச்சியோடைப்பட்டி இருக்கிறது. அங்கே மண் பக்குவப்படுத்தியே கிடைக்கும் என்பதால் பாதி வேலை மிச்சம்.

வாங்கும் முன் ஒரு சோதனை. சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி, ஆட்காட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். லேசாகக் கீறல் விட்டாலும் பரவாயில்லை. துண்டாகிப் போனால் வேண்டாம். கடையில் பல நிறத்தில் விற்கும் எண்ணெய்க் களிமண்ணை இதற்கு வாங்காதீர்கள். அது காய்ந்து இறுகவே இறுகாது.

பக்குவப்படுத்தாத கரம்பை என்றால் முதலில் வெயிலில் காயவைத்து உடைத்துக்கொள்ளுங்கள். உடைத்ததை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கரைத்துப் பழைய கொசுவலையில் வடிகட்டுங்கள். முள், நத்தை ஓடு, கண்ணாடிச் சில்லு எல்லாம் வலையில் நின்றுவிடும். குழந்தைகள் கை வைக்கப்போகிற மண் என்பதால் இதை மட்டும் தவிர்க்கக் கூடாது. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கியதைச் சாக்கில் கொட்டி ஆறவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். மணல் சேர்ந்தால் மண் சுருங்குவது குறையும், வெடிப்பும் குறையும். மிதிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், உங்களுக்குத் தரமாட்டார்கள். பிறகு உருண்டையை நைலான் நூலால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழ் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அடித்துப் பிசைய வேண்டும்.

ஒட்டாதீர்கள், வளையுங்கள்

குழந்தைகள் செய்யும் மண்மாடு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் உடைகிறது. உடலை உருண்டையாக உருட்டி, நாலு குச்சிக் காலைத் தனித்தனியாக ஒட்டுவார்கள். காயும்போது மெல்லிய கால் முதலில் சுருங்கும், தடித்த உடல் பின்னால் சுருங்கும். ஒட்டிய இடம் விட்டுப்போகும். ஆகவே உடலும் காலும் ஒரே மண்ணிலிருந்து வர வேண்டும்.

சாத்துக்குடி அளவு மண்ணை எடுத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த உருளையாக உருட்டச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு நூலால் நடுவே பிளக்க வேண்டும். இப்போது உருளையை வளைத்து நிறுத்தினால் நாலு காலும் முதுகும் தயார். கால்கள் சிறுமலை வாழைப்பழத்தின் பாதித் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. முதுகின் முன்பக்கம் விரலால் கிள்ளி மேலே இழுத்தால் திமில் எழும். கழுத்துக்குக் கீழே கிள்ளித் தொங்கவிட்டால் அலைதாடி.

தலையை மட்டும் ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டுகிற இரு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, தோசைமாவுப் பதத்தில் கரைத்த அதே மண்ணைத் தடவி அழுத்துங்கள். பிறகு சுற்றிலும் விரலால் இழுத்து மெழுகிவிட வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் நிற்காது. வாலைத் தொங்கவிடாமல் தொடையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

கொம்புக்கு ஒரு வழி உண்டு. ஈரமண்ணில் எதையாவது செருகினால், மண் சுருங்கும்போது அதைச் சுற்றி வெடிக்கும். ஆகவே இப்போதைக்குத் துளை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டு வைத்து, பொம்மை காய்ந்தபின் வளைந்த குச்சியைப் பசை தொட்டுச் செருகுங்கள். சுடுவதாக இருந்தால் சுட்ட பிறகு செருகலாம். புலிக்குளம் காளையா காங்கேயம் காளையா என்பது கொம்பில்தான் தெரியும் என்பதால் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளை காங்கேயத்தைத்தான் சொல்லும்.

இதே முறையில் ஆடு வரும், குதிரையும் வரும். சிறுமலையில் பொதி சுமக்கும் குதிரையைப் பார்த்த பிள்ளைகள் முதுகில் இரண்டு மூட்டையும் வைப்பார்கள். சேவலுக்குக் கால் வேண்டாம், அடியைத் தட்டையாக்கி உட்கார வைத்துவிடலாம். யானை சுலபம் என்று நினைப்போம், தும்பிக்கை ஏமாற்றும். நுனியை முன்னங்காலோடு சேர்த்துவிட்டால் பிழைக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை செய்த மாட்டின் மூஞ்சியைத் திருத்தாதீர்கள். கால் நாலும் தரையில் பதிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காய்ச்சலும் சூளையும்

முதல் இரண்டு நாள் ஈரத்துணியைப் பிழிந்து லேசாக மூடி வையுங்கள். அடுத்து நிழலில், காற்றுப் படாத மூலையில், பழைய செய்தித்தாள் மேல் வைத்துத் தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மார்கழி வெயில் இதமாகத்தான் இருக்கிறதே என்று மொட்டை மாடியில் வைத்தால், மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். வெடிப்பு வந்தாலும் ஈரம் இருக்கும்வரை, தலையை ஒட்டிய அதே மண்கரைசலைத் தடவி மூடலாம், முழுக்கக் காய்ந்தபின் முடியாது. காய்ந்துவிட்டதா என்று அறிய, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த பொம்மையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்தாலே வழவழப்பாகும்.

சுட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுட விரும்பினால் வீட்டு வாசலில் வறட்டி மூட்டிப் பிள்ளைகளோடு முயல வேண்டாம். மண் திரும்பக் கரையாதபடி இறுக ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். மார்கழியில் வேளார்கள் பொங்கல் பானைக்குச் சூளை போடுவார்கள். அதிலேயே ஓரத்தில் வைத்துத் தரச் சொல்லி, கூலியும் கொடுங்கள். ஆனால் இங்கே ஒரு பொறுப்பு உண்டு. ஈரம் மிச்சமிருக்கிற பொம்மைக்குள் நீர் ஆவியாகி வெடித்தால் பக்கத்திலிருக்கும் பானையும் போகும். சுடப்போகும் பொம்மை என்றால் பாதி காய்ந்த பதத்திலேயே வயிற்றை அடிப்பக்கமாகக் கரண்டியால் குடைந்து, சுவர் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் போகாமல் செய்துவிடுங்கள். பெரிய புரவிகளையும் வேளார்கள் உள்ளே கூடாக விட்டுத்தான் செய்கிறார்கள்.

நிறத்துக்குக் காவி, அடுப்புக்கரி, அரிசிமாவு போதும். மஞ்சளில் துளி சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாக மாறும் வித்தையைக் காட்டலாம், ஆனால் சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். காப்புக் கட்ட வாங்கும் பூளைப்பூவிலும் ஆவாரம்பூவிலும் கொஞ்சம் எடுத்து வைத்தால் காளைக்குக் கழுத்து மாலை ஆயிற்று.

சுடாத பொம்மை உடைந்தால் மண் வாளியிலேயே போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நாளில் கரைந்து, அடுத்த பொம்மைக்கு ஆகிவிடும். கடை பெயின்ட் பூசியதை மட்டும் அதில் போடாதீர்கள், மண் முழுக்கக் கெட்டுப்போகும்.