வெளியே கூட்டிப்போகப் பழகும் பிள்ளைகளுக்கு

மாத்தளைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் மாற்றுத்திறனாளிகளை வெளிக்காற்றுக்கு அழைத்துப் போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இதே வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதல் நாளே றிவர்ஸ்டனுக்கு வேன் பிடிக்காதீர்கள். வாசற்படியில் தொடங்குங்கள். இரத்தோட்டைப் பக்கத்து லயத்தில் இருக்கும் பிள்ளைக்கு ரோட்டுக்கு வருவதே மலையேற்றம். முதலில் படி, அடுத்தது கான், அதற்கப்புறம் கல் பெயர்ந்த இறக்கம். அம்மா இடுப்பில் தூக்குகிற வரைக்கும் பிள்ளை வெளியே வரும். வளர்ந்து பாரம் கூடியதும் காம்பிராவுக்குள்ளேயே தங்கிவிடும். காலை வெயிலில் வாசலில் இருத்துங்கள். சில நாட்கள் போனதும் கானைத் தாண்டுங்கள். அதற்குப் பிறகு பஸ் போவதைப் பார்க்கக் கூட்டிப் போங்கள். தினமும் நடக்கக்கூடியதுதான் சிகிச்சை. வருடத்துக்கு ஒரு சுற்றுலா போய்ப் படம் பிடித்து வருவதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2. எங்கே போக விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். பேச்சு வராதவரென்றால் இரண்டு படங்களைக் காட்டி, கண் எதில் நிற்கிறது என்று பாருங்கள். போதும், திரும்புவோம் என்றால் பாதி வழியானாலும் திரும்பிவிடுங்கள்.

3. இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். முள்ளந்தண்டில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமலிருக்கலாம். நக்கிள்ஸ் பக்கம் அட்டை ஏறினாலும் அவருக்குத் தெரியாது. தம்புள்ளையில் நடுப்பகல் பாறை காலைச் சுட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே நீங்கள்தான் பார்க்க வேண்டும்: காலுறைக்குள், விரலிடுக்கில், சக்கர நாற்காலியின் கால்தட்டில். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது உடம்பின் பாரத்தை மாற்றி உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் புட்டத்தையும் குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. சிவப்பு மறையும் வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது, தாதிக்கும் சொல்லிவிடுங்கள். முள்ளந்தண்டில் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும். நிழலும் ஈரத்துணியும் இல்லாமல் அவரை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

4. இறக்கத்தில் சக்கர நாற்காலியைப் பின்புறமாக இறக்குங்கள். நீங்கள் கீழே, அவர் மேட்டைப் பார்த்தபடி. நின்றவுடன் பிரேக்.

5. நம்முடைய மாவட்டத்தில் கடவுள் கொடுத்த சிகிச்சை அறை வாசனைத் தோட்டம்தான். மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய், கொக்கோ எல்லாம் கையெட்டும் தூரத்தில் நிற்கின்றன. கண் தெரியாத பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு பச்சை ஏலக்காயை வையுங்கள். நீங்கள் நசுக்கிக் கொடுக்காதீர்கள், அதுவே நசுக்கட்டும். விரல் மடங்காத பிள்ளைக்கு அந்த ஒரு ஏலக்காயில் இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி முழுவதும் இருக்கிறது. மணம் தாங்காத பிள்ளைகளும் உண்டு. முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

6. சீகிரியாவில் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை இளைஞர்களுக்கு வரும். வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் அவை. அடிவாரத்து நீர்ப்பூங்கா சமதரை. அங்கே அவர் தானாகச் சக்கரத்தை உருட்டுவார். பாறையில் மலைத்தேனீக் கூடுகள் உண்டு, சத்தம் போடாதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். திடீரென்று கத்தும் பிள்ளை இருந்தால் தூரத்திலேயே நில்லுங்கள்.

7. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் வரும்போது, எல்லோரையும் போல அவர்களும் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே வேண்டாம். தேர் திரும்பும் இடத்துக்கு முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள். மேளச் சத்தம் தாங்காதவருக்குக் காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

8. மரத்தைப் பார்த்தால் வருத்தம் சுகமாகுமா என்று கேட்பார்கள். 1984இல் றொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து, ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் கிடந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறைக்காரரைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். ஒரே ஆஸ்பத்திரி, 46 பேர், அவ்வளவுதான். அதற்கு மேல் பெற்றோருக்கு ஆசை காட்டாதீர்கள். கிளினிக்கை விட்டுவிட்டு நம்மோடு வெளியே வரச் சொல்வது பாவம்.

9. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை திறந்தார்கள். 263 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். அடுத்த மாதமே புயலில் சேதமடைந்தது, திருத்தினார்கள். பாதை போட்டால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

10. நமக்கு அவ்வளவு பெரிய பாதை தேவையில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளத்தில் ஒரு சாய்வு, ஒரு பக்கம் கைப்பிடி, கானுக்கு மேலே ஒரு கொங்கிறீற் தட்டு. இவை இருந்தால் எத்தனையோ பேர் காம்பிராவை விட்டு வெளியே வருவார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொது இடங்களுக்குப் போய்வரும் வசதி பற்றி 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி. கூட்டத்துக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரையே கூட்டிப் போய், அவரையே பேச விடுங்கள்.