கூவத்தின் சேற்றையும் கேளுங்கள்

திருவேற்காடு வாசகருக்கு,

பாலத்தடியில் கூவம் தண்ணீரை ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, நாலு நாள் வீட்டில் வைத்திருந்து ஆய்வகத்தில் கொடுத்தீர்கள். ஈயம், காட்மியம் இரண்டும் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று அறிக்கை வந்திருக்கிறது. "அப்போ ஆறு பரவாயில்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது.

முதல் கோளாறு பாட்டிலில். வைத்திருக்க வைத்திருக்க, தண்ணீரில் கரைந்த உலோகம் பாட்டிலின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அமிலத்தில் கழுவிய பாட்டிலோடு ஆற்றுக்குப் போவார்கள். தண்ணீரைப் பிடித்த கையோடு நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடுவார்கள். குரோம் பிளேட்டிங் பட்டறைக் கழிவில் வரும் நச்சுக் குரோமியத்துக்கு மட்டும் அமிலம் ஆகாது, உருமாறிவிடும். அதற்குத் தனி பாட்டில், ஐஸ் பெட்டி, ஒரே நாளில் சோதனை.

அடுத்தது, நீங்கள் அனுப்பிய அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது. ஈயத்துக்குக் கருவியின் எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். குடிநீரில் நம் நாட்டு வரம்போ 0.01. ஒன்பது மடங்கு ஈயம் இருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது! காசு வாங்கிக்கொண்டு இதை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் நாட்டின் 311 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதில் படுமோசம் நம்முடையதுதான்: ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அங்கே 345 ஆக இருந்தது. எல்லாரும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது சாக்கடைக் கணக்கு. அதில் ஒரு துளி உலோகம்கூடச் சேராது.

உலோகம் கிடப்பது அடியில். மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்தக் கறுப்புச் சேறு. காற்றில்லாத சேற்றில் உருவாகும் சல்பைடு, உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கும். மேலே ஓடும் தண்ணீர் ஓரளவு தேறினாற்போல் காட்டும். பொக்லைன் வைத்து வாரிக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டுக் கட்டு அவிழும். அடுத்த மழையில் உலோகம் மறுபடி ஆற்றுக்கே வரும். டிசம்பர் 2015 வெள்ளத்தில் கரையோர வீடுகளுக்குள் புகுந்ததும் இந்தச் சேறுதான். விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, டெட்டால் தெளித்துத் துடைத்தோம். டெட்டால் கிருமிக்கு; ஈயத்துக்கு அல்ல.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கத்துக் கொரட்டூர்க்காரர்கள் தங்கள் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 10 ரூபாய் கட்டணத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமை மனு ஒன்று போடுங்கள். திருவேற்காட்டில் சேற்றை எடுத்து உலோகம் பார்த்தது உண்டா, எந்தத் தேதியில், மழைக்கு முன்பா பின்பா, வாரி எடுத்த சேற்றை எங்கே கொட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.