எந்தப் பண்பாட்டில் வழிபடுவது?

கிறிஸ்தவம் மேலைநாட்டுச் சமயம் என்று எண்ணுவோர் பலர். அது தோன்றிய மண் ஆசியா என்பதை நினைத்துப் பார்த்தால், ஐரோப்பிய வடிவம் அதன் பல வடிவங்களுள் ஒன்றே என்பது விளங்கும். பெங்களூரு நகரம் இதற்குத் தக்க சான்று.

சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னை பேராலயம், பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களின் கூரைக் கோயிலாகத் தொடங்கியது என்பர். இன்றுள்ள கட்டடம் 1882-இல் அர்ச்சிக்கப்பட்டது. கோபுரம் கோதிக் பாணியில் அமைந்தது. உள்ளே எழுந்தருளியுள்ள அன்னையோ புடவை உடுத்தியவள்!

ஆங்கிலேயரின் தூய மாற்கு ஆலயம், ஸ்காட்லாந்தியரின் தூய அந்திரேயா ஆலயம், கன்னட மெதடிஸ்டுகளின் ஹட்சன் நினைவாலயம் ஆகியவை வெவ்வேறு சபைகளுக்கு உரியவையாக எழுந்தவை. ஆயர் பதவி தேவையா என்பது போன்ற ஐரோப்பியப் பிணக்குகளை இந்தியர் ஏன் சுமக்க வேண்டும்? இக்கேள்வி முதிர்ந்தே 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இம்மூன்று ஆலயங்களும் இன்று அதனைச் சார்ந்தவை.

கத்தோலிக்கரிடையே மாற்றம் வேறு வழியில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தது. 1967-இல் பெங்களூரில் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டுத் தேசிய மையத்தை நிறுவியவர் தமிழரான டி.எஸ். அமலோர்பவதாஸ் அடிகளார். காலணி களைந்து தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, மலராலும் தூபத்தாலும் தீபத்தாலும் ஆரத்தி எனப் பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969-இல் ரோமாபுரி இசைவளித்தது. இவை இந்துக் கோயிலின் சாயல் என்று கத்தோலிக்கருள்ளேயே சிலர் கடுமையாக எதிர்த்தனர்.

அதைவிட ஆழமான மறுப்பு மற்றொரு திசையிலிருந்து எழுந்தது. 1910 முதல் இயங்கிவரும் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில், 1981-இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்கு வித்திட்டது. 'இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை' என்ற பெயரில் உயர்சாதியினரின் தத்துவ மரபே பேசப்படுகிறது. திருச்சபையில் பெரும்பான்மையினரான ஒடுக்கப்பட்ட மக்களின் துயரம் அதில் எங்கே என்பது அவரது கேள்வி. எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று அது. முன்னோர் நுழைய முடியாதிருந்த கோயிலின் ஆரத்தியை, அவர்களின் வழிவந்தோர் தம் பண்பாடு என்று எவ்வாறு ஏற்பர்?

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். தீட்டு என்று விலக்கப்பட்டிருந்த பறை, அங்கே இறைவன் திருமுன் ஒலித்தது.